ஆறாம் வகுப்புக்குப் போனதும் மதிப்பெண் சரிகிறது: வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

நூற்பாலை (வேடசந்தூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தான். அங்கே ஒரே ஆசிரியைதான் எல்லாப் பாடமும் எடுத்தார். பையனின் சுபாவம் முதற்கொண்டு அவருக்கு அத்துபடி. இப்போது பஸ் ஏறிப் போகிற அரசு மேல்நிலைப் பள்ளி. பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போய் இன்னொருவர் வருகிறார்.

முதல் பருவத் தேர்வு விடைத்தாள்கள் வந்துவிட்டன. தமிழ் பரவாயில்லை. கணக்கில் அறுபதுக்குப் பதினேழு, அறிவியலில் இருபத்திரண்டு. வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். "எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சிதானே அம்மா, போகப் போகச் சரியாகிவிடும்" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தேர்ச்சி போட்டுவிட்டால் பாடம் புரிந்துவிட்டதாக ஆகிவிடுமா?

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். டியூஷனில் சேர்க்கலாமா, தனியார் பள்ளிக்கு மாற்றலாமா, இல்லை வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை

சகோதரி, நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளையும் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆறாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறுவதில்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் விட்டுப்போனது இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அது எது என்று கண்டுபிடிக்காமல் ஆறாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னால் பிள்ளைக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

முதலில் மதிப்பெண்ணைப் பார்க்கும் விதம். 2012-13 முதல் ஆறாம் வகுப்பில் முப்பருவ முறை. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த நாற்பதில் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் சேர்ந்திருக்கும். ஒட்டிய படத்துக்கும் செய்த மாதிரிக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. இரண்டையும் கூட்டி நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று தாளில் வந்தால் நிம்மதி வந்துவிடும். நீங்கள் அறுபதைத் தனியாகப் பார்த்திருக்கிறீர்கள். அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது. 1.4.2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டிலும் அந்த இரண்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அதைத் திரும்பப் பெற்றதை நான் மனதார வரவேற்கிறேன். பத்து வயதுப் பிள்ளையைத் தோற்கடித்து யாருக்கும் வகுத்தல் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் நிறுத்திவைக்க மாட்டார்கள் என்பதாலேயே, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் பொறுப்பு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இரட்டிப்பாகிறது. யாரும் பார்க்காமல் விட்டால் ஒன்பதாம் வகுப்பில்தான் தெரியவரும். அப்போது மூன்று ஆண்டுப் பாக்கியை ஒரே ஆண்டில் அடைக்க வேண்டியிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று காரியம் செய்து பாருங்கள். பரிட்சை என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

ஒன்று, வாசிப்பு. அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தில் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பூம்புகார், மதுரை, காஞ்சி மூன்றையும் பற்றியது. அதில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். தடுமாறாமல் வாசித்துவிட்டு, கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழிக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எழுத்து தெரியும், பொருள் போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அறிவியலும் வராது, கணக்கில் வாக்கியக் கணக்கும் வராது. அறிவியல் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு, வகுத்தல். 612-ஐ ஆறால் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால் அங்கேதான் ஓட்டை. ஆறில் ஆறு ஒரு தரம் போகும். அடுத்து 1 இறங்கும், அதில் ஆறு போகாது, அங்கே ஒரு பூச்சியம் போட வேண்டும். அதைப் போடாமலே 2-ஐ இறக்கி 12 ஆக்கி, இரண்டு தரம் என்று முடித்துவிடுகிறார்கள். விடை 102 என்று நீங்கள் சொல்லாதீர்கள். "612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு வெறும் பன்னிரண்டு ரூபாய்தானா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே சிரித்துவிட்டுத் திருத்தும். அப்படித் திருத்தினால் மறதிதான், பயிற்சி போதும். திருத்தத் தெரியவில்லையென்றால் இடமதிப்பே பிடிபடவில்லை என்று பொருள்.

மூன்று, பின்னம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஐந்தில் இரண்டு என்பான் பாருங்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவான். அப்போது ஒரு தாளைப் பாதியாக மடித்துக் காட்டி, "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம், ஆனால் ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே?" என்று கேட்டால் யோசிக்கத் தொடங்குவான். ஆறாம் வகுப்பில் பின்னம் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. அதுவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஏழிலும் எட்டிலும் வருகிற விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் பின்னத்தின் மேல்தான் நிற்கின்றன.

எதில் தடுமாறுகிறான் என்று இங்கே எழுதுங்கள். பிறகு டியூஷனைப் பற்றிப் பேசுவோம்.

---

பவானிக்கரை

ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் ஷிப்ட் வேலை பார்க்கிற அம்மாவுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே? நல்ல டியூஷனில் சேர்த்துவிடுங்கள் அக்கா. என் இரண்டு பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து டியூஷன்தான். மாலை ஐந்தரைக்குப் போனால் எட்டு மணிக்கு வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துவிட்டு வருவார்கள். வீட்டில் சண்டை இல்லை.

---

மாலைவகுப்பு

பவானிக்கரை அண்ணா, நானே டியூஷன் எடுப்பவள், ஆகவே உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள். நான்கு வகுப்பு, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும். பெற்றோர் கேட்பது இரண்டே கேள்வி: வீட்டுப்பாடம் முடிந்ததா, தேர்வில் எவ்வளவு வந்தது. அதனால் முதல் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடத்திலேயே போய்விடும். அதற்குள் எத்தனை பேர் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தடுத்தால் வீட்டுப்பாடம் முடியாது. முடியாவிட்டால் பெற்றோர் வேறு டியூஷனுக்கு மாற்றிவிடுவார்கள். மிச்ச நேரம் கேள்வி பதில் மனப்பாடம். வகுத்தல் தெரியாத ஏழாம் வகுப்புப் பையனை உட்கார வைத்து நான்காம் வகுப்புக் கணக்கு சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் இருக்கிறது. ஆனால் "ஏழாவது படிக்கிறவனுக்கு நாலாவது பாடமா?" என்று அம்மா கோபித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ப்பதானால் சேர்க்கிற அன்றே சொல்லிவிடுங்கள்: "வீட்டுப்பாடத்தை அவனே வீட்டில் செய்துகொள்வான். நீங்கள் வகுத்தலும் பின்னமும் சொல்லிக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க மாட்டேன்." இப்படி ஒரு பெற்றோர் சொன்னால் அந்தப் பிள்ளையைக் கரையேற்ற எந்த ஆசிரியையும் பாடுபடுவார். நான் நிச்சயம் பாடுபடுவேன்.

அண்ணா, உங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு வருவது நல்லதுதான். ஆனால் தங்கள் வேலையைத் தாங்களே திட்டமிடுகிற பழக்கம் ஆறு, ஏழு, எட்டு என்கிற இந்த மூன்று வகுப்பில்தான் வர வேண்டும். எந்த நாளில் எந்தப் பாடவேளை, எந்த நோட்டு எடுத்துப்போக வேண்டும், எந்த ஆசிரியர் என்று திருத்தித் தரக் கேட்டார், இதெல்லாம் அவர்கள் தலையில் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியை எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார். ஆறாம் வகுப்பில் அந்த ஆள் இல்லை. அந்த இடத்தில் டியூஷன் ஆசிரியை வந்து உட்கார்ந்துவிட்டால் பிள்ளை எப்போது பழகும்?

---

பவானிக்கரை

இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை தங்கையே. இன்று இரவு சின்னவளை 612 வகுக்கச் சொல்கிறேன்.

---

நூற்பாலை (வேடசந்தூர்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஐயா சொன்ன மூன்றையும் செய்து பார்த்தோம்.

வாசிப்பு நன்றாக இருக்கிறது. காஞ்சியைப் பற்றிப் படித்துவிட்டு ஏரி, கோயில் என்று சொந்தமாகவே சொன்னான். வகுத்தலில் நீங்கள் சொன்ன அதே 12-ஐத்தான் எழுதினான். ரூபாய்க் கேள்வியைக் கேட்டதும் திருதிருவென்று விழித்தான். "பன்னிரண்டுதான் வருகிறது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது" என்றான். அவனுக்குக் கணக்கு வேறு, காசு வேறு. கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து மீதி வாங்கும்போது ஒரு ரூபாய் ஏமாற மாட்டான். நோட்டில் எழுதும்போது மட்டும் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறான். பின்னத்துக்கு ஐந்தில் இரண்டு என்று, நீங்கள் சொன்னபடியே.

இன்னொன்றும் கவனித்தேன். நான்காம் வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வகுத்தல் கணக்கு எல்லாம் சரி போட்டிருக்கிறது, அழகான கையெழுத்து. எல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று இப்போதுதான் புரிகிறது. எங்கள் மில்லில் நூல் அறுந்தால் அறுந்த இடத்தில் பிணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஓட்ட முடியும். இவனுக்கு அறுந்த இடம் தெரிந்துவிட்டது. அதுவே பாதி நிம்மதி. இனி எப்படிப் பிணைப்பது?

---

கரும்பலகை

அருமையாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். கடைக் கணக்கு தெரிந்த பிள்ளைக்கு எண்ணறிவு இருக்கிறது. அதை நோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எந்தக் கணக்கானாலும் போடுவதற்கு முன் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்ல வைத்துவிடுங்கள். 612-ஐ ஆறால் வகுத்தால் நூறுக்குப் பக்கத்தில் வரும் என்று முதலில் சொல்லிவிட்டால் 12 என்று எழுதக் கை வராது. இதற்கு நீங்கள் கணக்கு படித்திருக்க வேண்டியதில்லை. சமையல் செய்துகொண்டே கேட்கலாம். மளிகைச் சீட்டு, எரிவாயு சிலிண்டர் விலை, அப்பாவின் வண்டி ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எல்லாம் கணக்குதான். ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் பட்டியல், இலாபம், நட்டம் என்றே ஒரு பாடம் இருக்கிறது. மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பாடம் தானாக வந்துவிடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகம் கையில் இருந்தால் நல்லது. தினமும் அரை மணி நேரம் போதும். ஐந்து கணக்கு செய்தால் போதும், ஆனால் ஐந்தும் அவனே செய்ததாக இருக்க வேண்டும். அரசின் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பாடங்களுக்கும் காணொளிகள் இருக்கின்றன. பின்னத்துக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

வகுப்பாசிரியரிடம் இன்னொரு முறை போங்கள். இந்த முறை "என் மகனுக்கு வகுத்தலில் இடையில் வரும் பூச்சியம் விளங்கவில்லை" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "மதிப்பெண் குறைவு" என்று சொல்லும் பெற்றோர் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். எது புரியவில்லை என்று சொல்லும் பெற்றோர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்தால் எந்த ஆசிரியரும் அந்தப் பிள்ளையை மறக்க மாட்டார். கணக்கு ஆசிரியரையே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025-26 கல்வியாண்டில் 'திறன்' என்று தனிப் பயிற்சித் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அதில் உங்கள் மகன் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அவனிடமும் "உனக்குத் தேவையானதைத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள்" என்றே சொல்லுங்கள்.

---

தாமிரபரணி

பாடத்தைப் பற்றி எல்லாம் பேசிவிட்டீர்கள். உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு ஏழாவதில் ஒரு மகள்.

காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைதான். ஐந்தாவது வரை பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பிள்ளை ஆறாவது போனதும் அது நின்றுவிடுகிறது. பள்ளியும் தூரம், பஸ்ஸைப் பிடிக்கக் காலையில் ஓட வேண்டியிருக்கிறது. ஆக, வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைகள் அதிகம். மதிய உணவு வரை எதுவும் கிடையாது. காலையில் முதல் இரண்டு பாடவேளைக்குள் கணக்கு வந்தால் தலையில் என்ன ஏறும்? அக்கா, உங்களுக்கு அதிகாலை ஷிப்ட் இருக்கிற வாரத்தில் அவன் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறான் என்று பாருங்கள். முந்தின இரவுச் சோற்றில் மோர் ஊற்றி வைத்தாலும் போதும், வெறும் வயிறாகப் போகக் கூடாது.

கண் இன்னொன்று. கிட்டப்பார்வை தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். பிள்ளைக்கே தெரியாது, உலகமே இப்படி மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். நோட்டில் எண்கள் மாறி மாறி எழுதப்பட்டிருந்தாலோ, பாதிப் பதில் விட்டுப்போயிருந்தாலோ, கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனை செய்து கண்ணாடியும் இலவசமாகத் தருகிறார்கள். என் மகளின் தோழி ஒருத்தி, 'கவனமில்லாத பிள்ளை' என்று பேர் வாங்கியவள், கண்ணாடி போட்ட பிறகு முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இணையாக எழுதுகிறாள்.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு, ஏழு, எட்டில்தான் வயதுக்கு வருகிறார்கள். சடங்கு, தீட்டு என்று பல நாள் வீட்டில் நிறுத்திவைக்கிறோம். அந்த நாட்களில் நடந்த பாடம் யார் சொல்லித் தருவது? தயவுசெய்து பள்ளிக்கு அனுப்புங்கள். முன்கூட்டியே அவளுக்கு எல்லாம் சொல்லி, பையில் ஒரு நாப்கின் வைத்து அனுப்புங்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்றால் பெண் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் விடுப்பு எடுப்பாள். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் தாழ்ப்பாள் பிரச்சினை அந்தக் கூட்டத்தில் பேசித்தான் தீர்ந்தது. வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் சாப்பிட வேண்டும் என்று வலியுறுத்துங்கள். கசக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரத்தசோகை இருக்கிற பிள்ளை மதியத்துக்கு மேல் தூங்கி விழுந்தால் அது சோம்பேறித்தனம் ஆகாது.

தூக்கம் ஒன்பது மணி நேரமாவது வேண்டும். கைபேசியை இரவு பெரியவர்கள் அறையில் வைத்துவிடுங்கள். அப்பாவின் கைபேசியும் சேர்த்துத்தான்.

---

செங்காந்தள்

எல்லாம் நல்ல ஆலோசனைகள். ஆனாலும் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் யாரைத்தான் பார்ப்பார்? கடன் வாங்கியாவது ஆங்கில வழித் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். ஆறாவதில் மாற்றினால்தான் மாற்ற முடியும், பிறகு கஷ்டம்.

---

கீழ்வேளூர்

செங்காந்தள், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. பலருக்குப் பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் தெரிகிறது, அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாக வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கினார்கள். இதற்குத் தகுதி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. ஆறும் ஏழும் தனியாரில் படித்துவிட்டு எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் கிடைக்காது. கல்லூரி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் கணக்குப் பார்ப்பது ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இலவச இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளை எட்டு வரை அங்கே படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உண்டு. அந்த இலவச இடமும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அதை எதிர்பார்க்காமல் திகைத்துப்போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

ஆங்கிலம்தான் கவலை என்றால், அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் வகுத்தல் விளங்காத பிள்ளையை மொழியும் மாற்றி உட்கார வைத்தால் இரண்டு சுமை ஆகிவிடும். முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்ளட்டும்.

---

செங்காந்தள்

ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு என்பது எனக்குத் தெரியாது. என் தம்பி மகன் ஐந்தாவது. தம்பியிடம் இன்றே சொல்கிறேன். தனியார் பள்ளி பற்றிய என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை, ஆனால் வேடசந்தூர் அக்கா கடன் வாங்க வேண்டாம்.

---

முதல்பட்டம்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இப்போது திருச்சியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். படிக்காத பெற்றோர் என்ன செய்ய முடியும் என்று இங்கே யாராவது மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

அம்மா தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் என் எல்லா நோட்டையும் திருப்பிப் பார்ப்பார். எழுத்து படிக்கத் தெரியாது, சிவப்பு மை தெரியும். சுழித்திருந்தால் "இது என்ன, டீச்சர் ஏன் சுழித்திருக்கிறார்?" என்று கேட்பார். நான் விளக்க வேண்டும். "புரியும்படி சொல்லு" என்பார். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமானால் எனக்கு முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். தாவரம் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது என்று சொன்னால், "அப்படியானால் இரவில் என்ன செய்யும்?" என்று கேட்பார். மறுநாள் அறிவியல் ஆசிரியரிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோவேன். வகுப்பில் கேள்வி கேட்கிற மாணவன் என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

நாளிதழ் வாங்க வசதியில்லை. பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வகுப்புப் பிள்ளைகளுக்குத் 'தேன்சிட்டு' இதழ் இப்போது வருகிறது, நூலகப் பாடவேளையும் இருக்கிறது. என் தங்கை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அம்மா கேட்கிறார் என்பதற்காகவே அவள் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறாள்.

நூற்பாலை அக்காவுக்கு முக்கியமான ஒன்று: எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எனக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் பதினொன்றாம் வகுப்புக்குத் தேவையான எல்லாம் வாங்கினேன். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. ஏழாம் வகுப்புப் பாடமும் எட்டாம் வகுப்புப் பாடமும் வரும். ஆகவே ஏழாவதில் படிப்பது வீணாகாது. எழுதுவதற்கே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50.

எட்டாவதில் தலைமை ஆசிரியர் எங்களில் சிலரை மட்டும் மாலையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். அது நல்லதுதான். ஆனால் ஆறாவதிலேயே வாசிப்பும் வகுத்தலும் சரியாக வந்தவர்கள்தான் அந்தப் பயிற்சியைத் தாக்குப் பிடித்தோம். மற்ற நண்பர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். அவர்களும் கெட்டிக்காரர்கள்தான். ஒருவன் சைக்கிளைப் பிரித்து மாட்டுவதில் எங்கள் ஊரிலேயே பேர்பெற்றவன். அவனுக்கு யாராவது ஆறாவதில் 612-ஐ வகுக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் என்று இந்த இழையைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

---

கரும்பலகை

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பதிவை வாசித்துக் காட்ட அனுமதி கொடுப்பீர்களா?

---

முதல்பட்டம்

தாராளமாக, ஐயா.

---

நூற்பாலை (வேடசந்தூர்)

கணக்கு ஆசிரியரை நேற்று பார்த்தேன். இடையில் வரும் பூச்சியம் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவன் விடைத்தாளை எடுத்து, போன மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரே காரணத்தால் போனது என்று காட்டினார். மதிய இடைவேளையில் அவனையும் இன்னும் நான்கு பேரையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். டியூஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பள்ளி மாற்றுவதும் இல்லை.

தம்பி, அந்த உதவித்தொகைக்கு எட்டாவதில்தானே விண்ணப்பம்? இப்போதே ஏதாவது தயார் செய்து வைக்க வேண்டுமா? என் சம்பளமும் வீட்டுக்காரரின் வண்டி வருமானமும் சேர்த்துத்தான் கணக்கா?

---

முதல்பட்டம்

ஆமாம் அக்கா, இருவர் வருமானமும் சேர்த்துத்தான். விண்ணப்பம் எட்டாவதில் தலைமை ஆசிரியர் வழியாகப் போகும். இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவன் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னே பின்னே இருந்தால்கூடப் பணம் வருவதில் சிக்கல் வரும். திருத்த வேண்டுமானால் கோடை விடுமுறையில் செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு அவன் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் எட்டாவது தொடங்கியதும் வாங்கிக்கொள்ளலாம், இப்போது வாங்கினால் பழையதாகிவிடும். தேர்வான பிறகு ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் தொகை நின்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.